வந்தது வால்நட்சத்திரம்... மறைத்தது வெளிச்சம்!

மதுரை அவனியாபுரத்தில் நின்று வானத்தைப் பார்த்தால் எது தெரியும், எது தெரியாது, ஏன் தெரியாது?

2025 ஜனவரி 13, போகிப் பண்டிகை. பிற்பகல் மணி நான்கை நெருங்குகிறது. அவனியாபுரம் மெயின் ரோட்டில் இருபுறமும் கம்பு நட்டுத் தடுப்பு கட்டுகிறார்கள். வாடிவாசலுக்கு முன்னால் தென்னைநார்க் கழிவைக் கொட்டிப் பரப்புகிறார்கள். விடிந்தால் தை ஒன்று. பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் முந்தி, முதல் ஜல்லிக்கட்டு இங்கேதான். ஊரே தரையைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்த அந்த நிமிடங்களில், மேற்கே சாய்ந்துகொண்டிருந்த சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு வால்நட்சத்திரம் பாய்ந்து வந்து வளைந்து திரும்பியது.

அதன் பெயர் சி/2024 ஜி3 அட்லஸ். சூரியனை 1.4 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கியது. புதன் கோள்கூட மிக நெருங்கி வரும்போது 4.6 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கும். 2007 ஜனவரியில் வந்த மெக்நாட்டுக்குப் பிறகு இவ்வளவு ஒளியோடு ஒரு வால்நட்சத்திரம் வந்ததில்லை. வெள்ளிக் கோளின் பிரகாசத்தை நெருங்கிய அது, பட்டப்பகலில் அவனியாபுரத்தின் தலைக்கு மேலேதான் இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. சூரியனிலிருந்து கைவிரல் மூன்றின் அகலத்துக்குள் நின்றிருந்த ஒன்றை வெறுங்கண்ணால் பார்க்க வழியே இல்லை.

அந்த வாரம் பொழுது சாய்ந்ததும் மேற்கே ஒன்று ஜொலித்தது. அதைக் காட்டி 'வால்நட்சத்திரம் பார்த்தாச்சு' என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஆனால் அது வெள்ளி.

பிரகாசமான வால்நட்சத்திரம் வருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் மொட்டைமாடியில் ஏறுகிறோம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். மேகத்தைத் திட்டுகிறோம், பத்திரிகையைத் திட்டுகிறோம். பார்க்க முடியாமல் போனதற்கான காரணங்களில் பாதி, நாமே கம்பம் நட்டு மாட்டி வைத்தவை.

மூன்று விருந்தாளி, மூன்று பண்டிகை

இந்தப் போகி விருந்தாளிக்கு முன்னால் 2024 விஜயதசமியன்று ஒன்று வந்தது. சி/2023 ஏ3, சுச்சின்ஷான்-அட்லஸ். சீனாவின் பர்ப்பிள் மவுன்டன் வானாய்வகமும் தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் 2023 தொடக்கத்தில் கண்டுபிடித்தது என்பதால் இந்த இரட்டைப் பெயர். 2024 ஜூலையில், அனுபவம் மிக்க வால்நட்சத்திர ஆய்வாளரான ஸ்டெனெக் செகானினா, 'இது சூரியனை அடையுமுன் சிதறிவிடும்' என்று ஆய்வுக் கட்டுரையே எழுதினார். சிதறவில்லை. செப்டம்பர் 27-ல் சூரியனைச் சுற்றித் திரும்பி, அக்டோபர் 12-ல் பூமியிலிருந்து சுமார் 7 கோடி கிலோமீட்டரில் கடந்தது. அன்று விஜயதசமி, முதல் நாள் ஆயுத பூஜை. பட்டறை, லாரி செட், டூவீலர் ஒர்க்‌ஷாப் என்று ரிங் ரோடு நெடுக சீரியல் பல்பு எரிந்த இரவுகள் அவை. மூன்றே நாளில், அக்டோபர் 15-ல் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. 17-ல் பௌர்ணமி. ஆக, விளக்கு, மழை, நிலா மூன்றும் வரிசை கட்டி வந்து அந்த வால்நட்சத்திரத்தை மறைத்தன.

அடுத்த ஆண்டு தீபாவளி. 2025 அக்டோபர் 20 நரக சதுர்த்தசி. மறுநாள், அமாவாசை இருளில், சி/2025 ஏ6 லெம்மன் பூமிக்கு மிக அருகில், சுமார் 9 கோடி கிலோமீட்டரில் வந்தது. நிலா இல்லாத வானம், மாலையில் தெரியும் வால்நட்சத்திரம் என்று ஜாதகம் பார்த்துச் சேர்த்த பொருத்தம். ஆனால் மழை 16-ஆம் தேதியே தொடங்கியிருந்தது. மேகம் விலகிய இடத்தில் பட்டாசுப் புகை நின்றது. லெம்மனின் ஒளியோ, கிராமத்து இருட்டில் மட்டும் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தட்டுப்படும் அளவுதான்.

ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று வால்நட்சத்திரங்கள். மூன்றுமே ஊர் அதிகபட்ச வெளிச்சத்திலும் ஆரவாரத்திலும் இருந்த நாள்களில் வந்தன. பண்டிகையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆயுத பூஜை வருடத்துக்கு ஒருநாள்தான். மற்ற 364 நாளும் இரவு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

┌──────────
பெட்டிச் செய்தி: வால்நட்சத்திரம் என்பது...

பனியும் தூசியும் கலந்த, சில கிலோமீட்டர் அகலமே உள்ள கட்டி. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதுதான் வால். சூரிய ஒளியும் சூரியக் காற்றும் தள்ளுவதால் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீளும். திரும்பிப் போகும்போது வால் முன்னே போகும், தலை பின்னே போகும்.

எரிகல்போல 'சர்ர்' என்று பாயாது. நட்சத்திரங்களுக்கு நடுவே அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அவற்றோடு சேர்ந்தே உதித்து, சேர்ந்தே மறையும். அடுத்த நாள் பார்த்தால் கொஞ்சம் இடம் மாறியிருக்கும்.

தலை பச்சையாகத் தெரிந்தால் அது இரட்டைக் கார்பன் மூலக்கூறு சூரிய ஒளியில் ஒளிர்வதால்.
──────────┘

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வால்நட்சத்திரத்தின் ஒளியை எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். நல்ல இருட்டில் மனிதக் கண் ஆறாம் தரம் வரை பார்க்கும். ஐந்து தரம் வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு வித்தியாசம். இந்தக் கணக்கை 1856-ல் வகுத்துக் கொடுத்தவர் நார்மன் போக்சன். அதற்கு ஐந்தாண்டு கழித்து அவர் மெட்ராஸ் வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். கடைசிவரை இங்கேதான் இருந்தார். உலகமே இன்றும் பயன்படுத்தும் அளவுகோலுக்குச் சொந்தக்காரர், நுங்கம்பாக்கத்தில் நின்று வானம் பார்த்த மனிதர் என்பதில் நமக்குப் பெருமை கொள்ள இடமிருக்கிறது.

அந்த அளவுகோலை வால்நட்சத்திரத்துக்கு அப்படியே பொருத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நட்சத்திரத்தின் ஒளி முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது. வால்நட்சத்திரத்தின் ஒளியோ தலையிலும் வாலிலுமாகப் பரந்து கிடக்கிறது. ஒரு கரண்டி எண்ணெயை ஒரே இடத்தில் ஊற்றுவதற்கும் தோசைக்கல் முழுக்கத் தேய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. 'இரண்டாம் தரம்' என்று செய்தியில் படித்துவிட்டு, துருவ நட்சத்திரம் அளவுக்கு மின்னும் என்று தேடுபவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். துடைத்த சுவரில் மிச்சமிருக்கும் சுண்ணாம்புக் கறைபோல ஒன்றைத் தேட வேண்டும். பின்னணி வானம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவுதான் அது தெரியும்.

இன்னொரு சிக்கல் உயரம். வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போதுதான் பிரகாசமாகும். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது சூரியனுக்கு முன்னால் உதிக்கும், அல்லது பின்னால் மறையும். அதனால் அதைக் காணும் நேரம் அந்தி அல்லது விடியல், காணும் இடம் அடிவானம். அடிவானத்தில்தான் ஊரின் புகை, தூசி, வெளிச்சம், அபார்ட்மென்ட், செல்போன் டவர் எல்லாம் இருக்கின்றன.

கண்மாய்க் கரையில் நின்றால்

2024 அக்டோபர் முதல் வாரம் சுச்சின்ஷான்-அட்லஸ் கிழக்கே விடியலில் தெரிந்தது. மதுரையில் அப்போது சூரியன் காலை ஆறு மணியை ஒட்டி உதிக்கிறது. ஐந்து மணிவாக்கில் வால்நட்சத்திரம் மேலே வரும். ஐந்தரையைத் தாண்டினால் வானம் வெளுத்துவிடும். கையில் இருப்பது அரை மணி நேரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வானில் பத்துப் பாகை மறையும். அந்த ஒரு முஷ்டி உயரத்துக்குள்தான் தேடல் முழுவதும்.

அவனியாபுரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வரம் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே மலை கிடையாது. சிந்தாமணி, சிலைமான், திருப்புவனம் என்று நிலம் அப்படியே சமவெளியாக இறங்கி ராமநாதபுரம் வரை போகிறது. கண்மாய்க் கரையில் ஏறி, சீமைக்கருவேல மரங்கள் விட்ட இடைவெளியில் கிழக்கே பார்த்தால் அடிவானம் தரையோடு ஒட்டித் தெரியும். கொடைக்கானலிலும் மூணாறிலும் இருள் கிடைக்கும், ஆனால் அடுத்த மலைமுகடு அடிவானத்தைத் தின்றுவிடும். தாழ்வாக நிற்கும் வால்நட்சத்திரத்துக்குச் சமவெளிக் கண்மாய்க் கரைதான் நல்ல இடம்.

மேற்கே கதை வேறு. அக்டோபர் 12-க்குப் பிறகு அதே வால்நட்சத்திரம் மாலை வானுக்கு மாறியது. தென்மேற்கில் வெள்ளி, வடமேற்கில் சுவாதி, இரண்டுக்கும் இடையில் நேர் மேற்கே அது. அவனியாபுரத்துக்கு நேர் மேற்கே திருப்பரங்குன்றம் மலை. மறைவதற்கு முந்தைய கடைசிப் பத்து நிமிடத்தை மலை எடுத்துக்கொள்ளும். அது பெரிய இழப்பில்லை. மலைக்கு மேலே திருநகர் பக்கமிருந்து எழும்பி நிற்கும் வெளிச்சப் புகைதான் இழப்பு.

அந்த மாலையில் தேடியவர்கள் பெரும்பாலும் கண்டது போனில். மொபைலின் நைட் மோடை வைத்து, கரைக் கல்லில் சாய்த்து, ஆடாமல் சில விநாடி விட்டால் திரையில் ஒரு சாய்ந்த வெண்கோடு விழும். அதைப் பார்த்த பிறகு தலையை நிமிர்த்தினால் அதே இடத்தில் கண்ணுக்கும் ஏதோ இருப்பதுபோலத் தோன்றும். நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் திரும்ப வரும். விழித்திரையின் நடுப்பகுதியைவிட ஓரப்பகுதி மங்கலான ஒளியை நன்றாக உணரும். பழகியவர்கள் இதனால்தான் எப்போதும் பார்க்க வேண்டியதற்குப் பக்கத்தில் பார்க்கிறார்கள். பைனாகுலர் இருந்தால் இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. தலையில் ஒரு குவிந்த ஒளி, அதிலிருந்து மேல்நோக்கிப் பிரியும் வால், இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். முதல் தடவை பைனாகுலரில் பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டாமல் இருப்பது அபூர்வம்.

மேகத்தின் மேல் மட்டும் பழியா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மதுரையில் வால்நட்சத்திரம் பார்ப்பது அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது. அதை மாற்ற முடியாது. ஆனால் ஜனவரி முதல் மே வரை மதுரை வானம் தெளிவாக இருக்கும் நாள்கள் ஏராளம். 1996 மார்ச்சில் ஹியாகுடாகே, 1997 மார்ச் ஏப்ரலில் ஹேல்-பாப் இரண்டும் அந்தப் பருவத்தில்தான் வந்தன. ஹேல்-பாப்பை ஊரின் நடுவில் நின்றே, சாப்பிட்டுவிட்டு வாசலில் கட்டில் போட்டுப் பார்த்த தலைமுறை இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கிறது. ஒரு வாரமல்ல, பல வாரங்கள் வடமேற்கில் நின்றது அது. இப்போது அதே அளவு வால்நட்சத்திரம் வந்தாலும் அதே வாசலில் நின்று வாலின் முழு நீளத்தைப் பார்க்க முடியுமா?

அவனியாபுரம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு நாலாபக்கமும் வீடு வளர்ந்தது. ரிங் ரோட்டில் கம்பங்கள் வந்தன. மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்தது. மின்சாரம் மிச்சம், தெருவும் பளிச். பெண்கள் இரவில் பயமின்றி நடக்கத் தெருவிளக்கு வேண்டும், அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஆனால் வெள்ளை விளக்கில் நீல ஒளி அதிகம். நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். மூடியில்லாமல் பக்கவாட்டிலும் மேலேயும் அடிக்கும் விளக்கு, தரைக்குப் போக வேண்டிய ஒளியை வானத்துக்கு அனுப்புகிறது. கல்யாண மண்டபத்து ஆர்ச், பெட்ரோல் பங்க், மேல்நோக்கி விளக்கடிக்கும் விளம்பரப் பலகை இவையெல்லாம் சேர்ந்து ஊருக்கு மேல் ஒரு வெளுத்த கூடாரம் கட்டிவிட்டன. தெற்கே விமான நிலையம். 24 மணி நேரமும் இயங்கும் நிலையமாக 2024 அக்டோபர் 1 முதல் அது மாறும் என்று அறிவிப்பு வந்தது. அதே வாரத்தில்தான் கிழக்கே வால்நட்சத்திரம் உதித்துக்கொண்டிருந்தது.

புகையும் சேர்கிறது. வெள்ளக்கல் குப்பைக்கிடங்கு அவனியாபுரத்தின் தோளில் இருக்கிறது. குப்பை தீப்பிடிக்கும் நாள்களில் அந்தப் பக்கம் கண் எரியும், நட்சத்திரத்துக்கு எங்கே போவது? காற்றில் தூசி இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு இன்னும் பரவும். ஆகவே வானம் கெடுவதும் மூச்சு கெடுவதும் தனித்தனிப் பிரச்னைகள் அல்ல. கிடங்கைச் சரிசெய்யச் சொல்லி அந்தப் பகுதி மக்கள் எழுப்பும் குரல் வானம் பார்ப்பவரின் குரலும்தான்.

விளைவு என்ன? அவனியாபுரத்தில் பிறந்து பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை பால்வெளியைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறது, வானில் பார்த்ததில்லை. கார்த்திகைக் கூட்டத்தைக் கண்டு நேரம் சொல்லவும், விடிவெள்ளி முளைத்ததும் மாட்டை அவிழ்க்கவும் தெரிந்த தாத்தா அதே வீட்டில் இருக்கலாம். அவர் காட்டுவதற்கு மேலே ஒன்றுமில்லை. வானம் பார்த்துப் பேசும் பழக்கம் இரண்டு தலைமுறைக்குள் அறுந்துவிட்டது. அது அறுந்த இடத்தில்தான் வாட்ஸ்அப் வீடியோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

பயமும் புரளியும்

2025-ன் பின்பாதியில் 3ஐ அட்லஸ் என்ற பெயரை மதுரையில் கேள்விப்படாதவர் குறைவு. அது வேற்றுக் கிரகவாசிகளின் விண்கலம் என்று வீடியோக்கள் சுற்றின. உண்மையில் அது நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்நட்சத்திரம். ஓமுவாமுவா (2017), போரிசோவ் (2019) இரண்டுக்கும் பிறகு அப்படி வந்த மூன்றாவது பொருள். பூமிக்கு மிக அருகில் வந்தது டிசம்பர் 19-ல், அதுவும் சுமார் 27 கோடி கிலோமீட்டர் தள்ளி. வெறுங்கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத அதைத் தேடி மாடியேறியவர்கள், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்த லெம்மனைக் கேள்விப்படாமலே விட்டார்கள்.

பயம் புதிதல்ல. புறநானூற்றின் 117-ஆம் பாட்டில் கபிலர், வானில் தூமம் (வால்நட்சத்திரம்) தோன்றினாலும் வளம் குன்றாத நாடு என்று பாரியின் பறம்பு நாட்டைச் சொல்கிறார். பறம்பு என்பது இன்றைய பிரான்மலை. மதுரையிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தூமகேது வந்தால் பஞ்சம் வரும் என்று ஊர் நம்பியிருந்தால்தான் அந்தப் பாராட்டுக்குப் பொருள் உண்டு.

1910 மே 18, 19-ல் ஹாலி வால்நட்சத்திரத்தின் வால் வழியாகப் பூமி கடக்கப் போகிறது என்று செய்தி வந்தபோது மேல்நாடுகளில் பெரும் பீதி பரவியது. வாலில் சயனோஜன் என்ற நச்சுவாயு இருப்பது தெரிந்திருந்தது. அமெரிக்காவில் 'வால்நட்சத்திர மாத்திரை' விற்றார்கள். அதே நாள்களில் புதுச்சேரியில் இருந்த பாரதி 'சாதாரண வருஷத்துத் தூமகேது' எழுதினார். வாலால் பூமிக்குத் தீங்கில்லை என்ற விஞ்ஞானச் செய்தியும் அதில் உண்டு. நாடு கடந்து ஒளிந்து வாழ்ந்த நிலையிலும், வானில் வந்ததைப் பயத்தோடு பார்க்காமல் நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டவர் அவர். கொடைக்கானல் வானாய்வகத்திலும் அந்த ஹாலியைப் படமெடுத்தார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கும் வால்நட்சத்திரத்தைப் பைனாகுலரால் தேடுவது. போகி நாளில் யாராவது அப்படித் தேடி, கண்ணாடி ஒரு விநாடி சூரியன் பக்கம் திரும்பியிருந்தால் பார்வையே போயிருக்கும். சூரியன் முழுதாக மறைந்த பிறகுதான் மாலையில் பைனாகுலரை எடுக்க வேண்டும். விடியலில் சூரியன் எட்டிப் பார்க்குமுன் உறைக்குள் வைத்துவிட வேண்டும்.

┌──────────
பெட்டிச் செய்தி: தமிழ் மண்ணில் நின்று பார்த்தவர்கள்

1689: புதுச்சேரியில் பாதிரியார் ரிஷோ ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அருகே இருந்த ஆல்ஃபா சென்டாரி ஒற்றை நட்சத்திரமல்ல, இரட்டை என்பது அவர் கண்ணில் பட்டது. தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

1872: உடைந்து காணாமல்போன பீலா வால்நட்சத்திரம் பூமியை உரசிவிட்டது, தென்வானில் தேடுங்கள் என்று ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபியூஸ் மெட்ராஸுக்குத் தந்தி அடித்தார். போக்சன் விடியலில் காத்திருந்தார். மேகமும் மழையும் இரண்டு நாள் விரட்டின. மூன்றாம் முயற்சியில் மேகத்தில் திறந்த சிறு இடைவெளியில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். அது பீலா அல்ல என்பது பிறகு தெரிந்தது. டிசம்பர் மாத மெட்ராஸ் வானம் அன்றும் இப்படித்தான்.

1949: ஹார்வர்டில் மாணவராக இருந்த வைணு பாப்பு, பாப்பு-பாக்-நியூகர்க் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகத்தை எழுப்பியவர் அவரே. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில், ஹாலி திரும்பி வந்த பருவத்தில், பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைப் பார்க்க வைணு பாப்பு உயிரோடு இல்லை.
──────────┘

பத்துப் பாகையின் லாப நஷ்டம்

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் தென்வானம் நமக்கு அதிகம் திறந்திருக்கிறது. 1986 ஏப்ரலில் ஹாலி பூமிக்கு மிக அருகில் வந்தபோது தென்வானின் ஆழத்தில் இருந்தது. டெல்லியில் அது 14 பாகை உயரத்துக்கு மேல் ஏறவில்லை. மதுரையில் 33 பாகை வரை ஏறியது. அந்த வருகை ஹாலியின் வரலாற்றிலேயே மங்கலான ஒன்று என்று உலகம் அலுத்துக்கொண்டது. இந்தியாவில் அதை நன்றாகப் பார்க்கும் வாய்ப்பு நம் பக்கத்துக்குத்தான் அதிகம் இருந்தது.

இன்னொரு லாபம்: இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அந்தி சீக்கிரம் கருகிவிடுகிறது. லண்டனில் கோடை அந்தி மணிக்கணக்கில் இழுக்கும். மதுரையில் சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்தில் நல்ல இருட்டு. சூரியனை ஒட்டி நிற்கும் வால்நட்சத்திரம் மறைவதற்குள் வானம் கறுத்துவிடுவது நமக்குக் கிடைத்த சலுகை.

நஷ்டமும் உண்டு. 2020 ஜூலையில் வந்த நியோவைஸ் வடக்கே ஒதுங்கி நின்ற வால்நட்சத்திரம். ஐரோப்பாவில் கோட்டை கொத்தளங்களுக்கு மேல் எழும்பி நின்றது. நமக்கு வடமேற்கில் தாழ்வாகத்தான் தெரிந்தது. ஆனால் அப்போது ஒன்று நடந்தது. கொரோனாவுக்காக மதுரையில் ஜூன் 24 முதல் ஜூலை 14 வரை முழு ஊரடங்கு. இந்தியாவில் நியோவைஸ் மாலை வானுக்கு வந்ததும் ஜூலை 14-ஐ ஒட்டியே. வண்டிப் புகை அடங்கி, காற்று கழுவிவிட்டதுபோல இருந்த வாரங்கள் அவை. நோய் அடைத்துப் போட்ட நாள்களைக் கொண்டாட முடியாது. ஆனால் வானத்தை மறைப்பதில் எவ்வளவு பங்கு நம்முடையது என்பதை அந்த வாரங்கள் காட்டிவிட்டன.

┌──────────
பெட்டிச் செய்தி: அடுத்த முறை தேடுவோருக்கு

தேதியையும் திசையையும் முதலில் உறுதிசெய்யுங்கள். ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலியில் ஊர் 'மதுரை' என்று கொடுத்தால் எந்த நிமிடம் எந்த உயரம் என்று காட்டும். நிலா வளர்ந்த நாள்களைத் தவிருங்கள்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும். பெரிய தொலைநோக்கியில் வால் முழுதாக அடங்காது.

விடியலுக்குக் கிழக்கே தடையில்லாத கண்மாய்க் கரை. மாலைக்கு அருப்புக்கோட்டை ரோட்டில் தெற்கே தள்ளிப் போய், வடக்கே மதுரையின் வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு நில்லுங்கள். தனியாகப் போக வேண்டாம். கரையில் பாம்பு நடமாட்டம் உண்டு, டார்ச் அவசியம்.
──────────┘

அரை மணி நேரம் கேட்போம்

லடாக்கின் ஹான்லே 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராம மக்களே விளக்குக்கு மூடி போட்டு, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு இருளைக் காக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வானம் காட்டி வருமானமும் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கும் திட்டத்தை வனத்துறை முன்வைத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் கொல்லிமலைக்கு வண்டி கட்டிப் போகக்கூடியவர்கள் சிலர். அவனியாபுரம் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வானம் தன் தெருவில்தான் வேண்டும்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. புதிதாக மாட்டும் விளக்கு ஒவ்வொன்றும் ஒளியைத் தரைக்கு மட்டும் அனுப்பும் மூடியோடு வரட்டும். டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். வெள்ளை ஒளிக்குப் பதில் இளமஞ்சள் எல்.இ.டி. கேட்டு வாங்கலாம், அதே மிச்சம்தான். மேல்நோக்கி அடிக்கும் விளம்பர விளக்கு இரவு பத்து மணிக்கு மேல் யாருக்காக எரிகிறது? வால்நட்சத்திரம் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாள் மட்டும், கண்மாய்க் கரையை ஒட்டிய கம்பங்களை அரை மணி நேரம் அணைத்து, போலீஸ் பாதுகாப்போடு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டலாம். ஊர்ப் பொட்டலில் தொலைநோக்கி வைத்துக் கிரகணமும் கோள்களும் காட்டிய அனுபவம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல், தடுப்பு, மருத்துவக் குழு, காவல் என்று ஒரு நாளுக்காக ஊரையே சீரமைக்கத் தெரிந்த நிர்வாகம் இது. அரை மணி நேர இருட்டு அதற்குப் பெரிய வேலையில்லை.

பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போவதோடும் முடிய வேண்டாம். வால்நட்சத்திரத்தின் ஒளி நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை உலகெங்கும் சாதாரண ஆர்வலர்கள் பைனாகுலரில் கணித்து, பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறார்கள். விஞ்ஞானிகள் அந்த எண்களைப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, போக்சனின் கணக்கில் ஒரு எண் எழுதத் தெரிந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். தென்வானில் தாழ்ந்து நிற்கும் வால்நட்சத்திரத்துக்கு வட இந்தியாவிலிருந்து எண் கிடைக்காத இரவில், மதுரையிலிருந்து ஒன்று போகும்.

நேரமும் இருக்கிறது. சுச்சின்ஷான்-அட்லஸ் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் சூரியனை நெருங்கியதற்கும் இடையே ஏறத்தாழ 20 மாதம். லெம்மனுக்குப் பத்து மாதம். போகிக்கு வந்த ஜி3 அட்லஸுக்கு ஒன்பது மாதம். நியோவைஸுக்குத்தான் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். விளக்குக்கு மூடி வாங்க மாநகராட்சிக்கும், பள்ளிக்கு ஒரு பைனாகுலர் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் மூன்று மாதமே போதும். அடுத்த பருவமழைக்கு முன்னால் மன்றக் கூட்டத்தில் அவனியாபுரத்தின் கவுன்சிலர்கள் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரட்டும்.